கோரமண்டலில் ஏறாத பாடம்

"ஆர்டர் வந்த அன்னிக்கே வண்டி ஏறிடுவேன். வாயில காபி இருந்தா அதை முழுங்கறதுக்குக்கூட நிக்கமாட்டேன். ஹவுரா பிரிட்ஜ் மேல போறப்போ முழுங்கிக்கறேன்."

கல்கத்தா லேக் மார்க்கெட்டில், மருதமுத்துவின் சிற்றுண்டிக் கடையில் வைத்து வேதாச்சலம் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது தொண்ணூறாம் வருஷம். அப்போது அவர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஓராண்டு ஆகியிருந்தது. மூன்று வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். இப்படிச் சொல்லி அனுப்பாத மத்திய அரசு அலுவலகம் எதுவும் இந்தத் துணைக்கண்டத்தில் கிடையாது.

"அப்ப அண்ணாச்சிகிட்ட காபிக்குக் காசை முன்கூட்டியே வாங்கிக்கிடணும் போலிருக்கே" என்றார் கல்லாவில் இருந்த மருதமுத்து. விருதுநகர்ப் பக்கத்துக்காரர். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரையும் பார்த்தவர். போகிறேன் என்று சொன்னவர்களை அதைவிட அதிகமாகப் பார்த்தவர்.

வேதாச்சலத்துக்கு வேலை கிடர்பூரில், துறைமுகத்தை ஒட்டிய அலுவலகத்தில். கப்பலில் வந்திறங்கும் சரக்குகளின் காகிதங்களைச் சரிபார்த்து விடுவிக்கும் பிரிவு. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு மரப்பெட்டிகூட அந்தக் கிடங்கை விட்டு நகராது. அவரை நகர்த்த வேண்டிய கையெழுத்து மட்டும் டெல்லியில் இருந்தது. வருஷம் தவறாமல் ஜனவரியில் மாற்றல் கேட்டு விண்ணப்பிப்பார். வருஷம் தவறாமல் ஏப்ரலில் பதில் வரும்: சென்னையில் காலியிடம் இல்லை. சென்னையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதிலில் ஓரளவு உண்மை இருப்பதாகவே தோன்றும்.

ஆனாலும் அவர் தயாராக இருந்தார். டெலிவிஷன் வந்த அட்டைப்பெட்டி, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, மின்விசிறி வந்த அட்டைப்பெட்டி, அவற்றுக்குள் வைத்து வந்த வெள்ளைத் தெர்மாக்கோல் உட்பட, எல்லாம் பரணில் பத்திரமாக இருந்தன. பிள்ளைகளின் ஜாதகத்தைக்கூட யாரும் அவ்வளவு பத்திரப்படுத்தியிருக்க மாட்டார்கள். மனைவி சரோஜா ஒரு பீரோ கேட்டாள்.

"மூணு வருஷத்துக்கு எதுக்கு பீரோ?" என்றார்.

தொண்ணூற்றாறில் மறுபடி கேட்டாள். அப்போதும் அதே பதில்தான். "எந்த மூணு வருஷம்னு மட்டும் சொல்லிடுங்க" என்றாள் சரோஜா. புடவைகள் தொடர்ந்து பெட்டியிலேயே இருந்தன.

சென்னையில் அப்படி என்ன வைத்திருந்தார் என்று கேட்டால், சொத்து ஒன்றுமில்லை. கடற்கரைக் காற்று, டிசம்பர் கச்சேரி என்று மற்றவர்கள் ஏங்குவதற்கெல்லாம் அவர் ஏங்கவில்லை. அவருடைய ஏக்கம் கொஞ்சம் தனி ரகம். புரசைவாக்கத்தில் கூட்டமான ஒரு பஸ்ஸில் ஏறி, படியில் நின்று, நடத்துநரிடம் தமிழில் திட்டு வாங்க வேண்டும். "யோவ் பெருசு, உள்ள போறதுக்கு வெத்தல பாக்கு வைக்கணுமா?" என்று முன்பின் தெரியாத ஒருவன் கேட்க வேண்டும். கல்கத்தாவிலும் திட்டினார்கள்; இல்லை என்று சொல்வதற்கில்லை. வங்காளியில் திட்டினார்கள், இந்தியில் திட்டினார்கள், துறைமுகத்தில் ஆங்கிலத்திலும் திட்டினார்கள். ஆனால் வேற்றுமொழித் திட்டு சட்டை மேல் விழுந்த மழைத் துளி மாதிரி, தட்டிவிட்டால் போய்விடும். தாய்மொழித் திட்டு உள்ளே இறங்கும். இறங்கினால்தான் அது ஊர் என்பது வேதாச்சலத்தின் சித்தாந்தம்.

இப்படிப்பட்ட மனிதர் மே மாதம் வந்தால் மட்டும் வேறு பிறவி எடுப்பார். பத்தாம் வகுப்பு முடிவு வருகிற மாதம் அது. தென் கல்கத்தாவில் பத்தாவது தேறிய பிள்ளையை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வேதாச்சலத்தைக் கேட்காமல் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தேர்ந்தெடுக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை, மருதமுத்து கடையில் மூலை மேஜை அவருக்கு. அப்பா ஒரு பக்கம் உட்காருவார். எதிரே மதிப்பெண் பட்டியலோடு பிள்ளை. பிள்ளையின் முகத்தை அவர் பார்ப்பதில்லை. மருத்துவர் எக்ஸ்ரே படத்தைத்தானே பார்ப்பார்.

அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்றுதான். சென்னை போகும் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறாத பாடம் பாடமே இல்லை.

"நம்மள எப்போ தூக்கி எங்க போடுவான்னு தெரியாது. லெவன்த் பாதியில ஆர்டர் வந்துச்சுன்னு வைங்க. பையன் படிக்கிறது மெட்ராஸ் ஸ்கூல்லயும் இருக்கணும். அதே போர்டு, அதே புஸ்தகம். இங்க முப்பதாம் பக்கத்தை மூடினா அங்க போய் முப்பத்தொண்ணாம் பக்கத்தைத் திறக்கணும். அதுதான் படிப்பு. அப்புறம் நேட்டிவிட்டி சர்டிபிகேட், என்ட்ரன்ஸ் எக்ஸாம், கிண்டி. நேரா போய் நிக்கும்."

ஆகவே வங்காள மொழியா? அது வங்காளத்தைத் தாண்டாமல் கரக்பூரிலேயே இறங்கிவிடும், அடித்துவிடு. மாநில வாரியமா? மார்க்கை மாமியார் மருமகளுக்கு நெய் ஊற்றுகிற மாதிரிப் போடுவார்கள், அடித்துவிடு. வங்கி அதிகாரி சுந்தரராஜனின் மகன் கௌசிக் பூகோளம் எடுக்க வேண்டும் என்று கண் கலங்கினான். வரைபடம் என்றால் அவனுக்கு உயிர்.

"மேப்பு எதுக்குடா? போற வழி எனக்குத் தெரியும், நான் சொல்றேன்" என்று வேதாச்சலம் பூகோளத்தை அடித்துவிட்டுக் கம்ப்யூட்டரை எழுதினார்.

கௌசிக்குக்குச் சென்னைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. பையனைப் பார்க்கிற சாக்கில் சுந்தரராஜன் அடிக்கடி போய் வந்தார். போய் வந்த ஒவ்வொரு முறையும் வேதாச்சலம் அவரைப் பிடித்து உட்கார வைத்து, "வெயில் எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். மனிதர்கள் தேனிலவு போய் வந்தவர்களிடம் கேட்கிற குரலில் கேட்பார். அப்படிக் கேட்ட ஒருநாள்தான் அவருக்கு அந்த ஞானம் உதித்தது. பிள்ளைக்குச் சீட்டு கிடைத்தால் பெற்றவனுக்கு ஊர் கிடைக்கிறது. டெல்லியில் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன? வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே.

அந்த ஒருத்தி மஹிமா. கல்கத்தாவுக்கு வரும்போது ஐந்து வயது. இரண்டாயிரமாவது வருஷம் மே மாதம் பத்தாவதில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். ஊருக்கே பாடம் எழுதிக் கொடுத்த மனிதர் சொந்த மகளுக்கு எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தார். அவள் படித்துவந்த அதே மத்திய வாரியப் பள்ளி, கணிதம், பௌதிகம், ரசாயனம், கம்ப்யூட்டர். மகளைக் கேட்பது என்ற சடங்கையும் விட்டுவிடக் கூடாதே என்று, சாப்பிடும்போது கேட்டார்.

"ஃபர்ஸ்ட் குரூப்தானே, மஹி? நாளைக்கே ஃபார்ம் குடுத்துடலாம்."

"கம்ப்யூட்டர் வேணாம்ப்பா. ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுக்கறேன்."

"அது உங்க ஸ்கூல்ல கிடையாதே."

"பாலிகஞ்ச்ல ஒரு கேர்ள்ஸ் ஸ்கூல்ல இருக்கு. ஷர்பானி அங்கதான் சேர்றா. ஸ்டேட் போர்டு."

சரோஜா ரசத்தை ஊற்றாமல் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டாள். இந்த வீட்டில் ஸ்டேட் போர்டு என்ற சொல்லை இதற்குமுன் யாரும் உச்சரித்ததில்லை.

குழந்தைக்கு இந்த நோய் எப்போது தொற்றியது என்று வேதாச்சலம் பிறகு யோசித்துப் பார்த்தார். ஒன்பதாவது படிக்கையில், துர்கா பூஜை சமயத்தில் தோழிகளோடு பந்தல் பந்தலாகச் சுற்றிவிட்டு வந்து ஒரு கேள்வி கேட்டாள். "எந்தப் பந்தல் பெஸ்ட்டுன்னு யாரைக் கேட்டாலும் அவங்கவங்க பாடா பந்தலத்தான் சொல்றாங்கப்பா. அப்ப உண்மை தெரியணும்னா யாரைக் கேக்கறது?" பாடா என்றால் அவரவர் தெரு, பேட்டை. வேதாச்சலம் யோசிக்காமல், "என்னைக் கேளு" என்றார். அந்தப் பதிலில் அவளுக்குத் திருப்தி இல்லை போலிருக்கிறது. இப்படிப்பட்ட கேள்விகளுக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதைப் படித்தவர்கள் கல்கத்தாவின் பி.டி. ரோட்டில் மரங்களுக்கு நடுவே ஒரு புள்ளியியல் கழகத்தில் உட்கார்ந்து காலமெல்லாம் இதையே செய்துகொண்டிருக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

"மஹி, ஸ்டாடிஸ்டிக்ஸ் நல்ல பாடம். நான் இல்லேங்கல. ஆனா மெட்ராஸ்ல ப்ளஸ் டூல எந்த ஸ்கூல்ல சொல்லித் தருவான்? பாதியில ஆர்டர் வந்தா என்ன பண்ணுவே? அது வண்டி ஏறாதும்மா."

"ஏற வேணாம்ப்பா."

"பின்ன?"

"நான் ஏற்கெனவே ஊர்லதானே இருக்கேன்."

வேதாச்சலத்துக்கு இது விளங்கவில்லை. விளங்காததால் கோபமும் வரவில்லை. சரோஜாதான் மெல்ல, "பதினோரு வருஷமா லேக் மார்க்கெட்ல இருக்கா. வேற எங்க இருக்கான்னு நினைச்சீங்க?" என்றாள்.

"நீ சும்மா இரு. ஆர்டர் வந்தா?"

மஹிமா தட்டை நகர்த்திவிட்டு ஒரு வக்கீலைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வருஷா வருஷம் கேக்கறீங்க. வருஷா வருஷம் இல்லேங்கறான். ஒரு தடவையாவது வந்திருக்கா? இத்தனை வருஷம் வராதது, கரெக்டா நான் லெவன்த் ட்வெல்த் படிக்கற ரெண்டு வருஷத்துல வர்றதுக்கு என்ன சான்ஸ்? நீங்களே சொல்லுங்க."

பாடத்தில் சேருவதற்கு முன்பே அவள் நடத்திய முதல் புள்ளியியல் ஆய்வு அது. வேதாச்சலம் கணக்குப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் அவள் சொல்வது சரியாகத்தான் இருந்தது. தன் வாழ்க்கையின் மிகப் பெரிய தோல்வி மகளின் வாதத்துக்கு இவ்வளவு உறுதியான ஆதாரமாகும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டாவது முடிந்ததும் தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வை எழுதியே தீர வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட்டார்.

மாற்றல் உத்தியோகத்தில் இருக்கிற தமிழன் செய்யக்கூடாத தவறு உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது, மாற்றல் வராது என்று நம்பிப் பிள்ளையை உள்ளூர் வாரியத்தில் சேர்ப்பது. ஊரில் ஒருவருக்கும் அவர் அனுமதிக்காத அந்தத் தவறை அவரே செய்தார். மருதமுத்து கடையில் விஷயம் தெரிந்தபோது சுந்தரராஜன் தோசையை வைத்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் சார், எங்க கௌசிக்குக்கு மட்டும் பூகோளம் கூடாதுன்னுட்டீங்களே?"

"உங்க பையன் அழுதான் சார். எங்க வீட்டுல வாதாடிட்டா" என்றார் வேதாச்சலம்.

அந்த ஒரு வருஷம் வீட்டில் புள்ளியியல் குடியேறியது. சாம்பாரில் உப்பு கூடிய நாட்களுக்கும் அப்பா சத்தம் போட்ட நாட்களுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று சரோஜாவை மஹிமா விசாரித்தாள். மாடி வீட்டுக் காக்கிமாவிடம், அதாவது சித்தி முறையில் அவள் அழைத்துவந்த வங்காள அம்மாளிடம், மீன் விலை எந்தக் கிழமையில் ஏறுகிறது என்று கேட்டு வரைபடம் போட்டாள். பாடிக்கொண்டே படித்தாள். பாடிக்கொண்டு படிக்கக்கூடிய ஒரு பாடம் ப்ளஸ் டூவில் இருப்பதை வேதாச்சலம் அதுவரை அறியார். அவர் அறிந்த ஃபர்ஸ்ட் குரூப் பிள்ளைகள் யாவரும் பல்வலிக்காரர்கள் மாதிரித்தான் இருந்தார்கள்.

பிப்ரவரியில் ஒருநாள் மாலை, கரியாஹாட்டில் குடை ரிப்பேருக்காக இறங்கினார். சாலையின் எதிர்ப்பக்கம், நடைபாதைக் கடைகளுக்கு நடுவே, ட்யூஷன் முடிந்து வந்த பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் மஹிமா. கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறாள். யாரோ குறுக்கே பேச, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளை ஒரு வார்த்தையில் மடக்குகிறாள். கூட்டமே குனிந்து குனிந்து சிரிக்கிறது. ஒரு டிராம் நடுவில் வந்து மறைத்தது. அது போனபிறகும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வேதாச்சலம் கையில் உடைந்த குடையோடு நின்றார். வீட்டில் இருக்கும் மஹிமா நல்ல பெண். இஸ்திரி போட்ட தமிழ் பேசுவாள். "சரிப்பா", "இல்லப்பா", "வந்துட்டேன்ப்பா". இப்படிக் குறும்பாக, இப்படித் திமிராக, இப்படி ஒரு கூட்டத்தையே கட்டிப்போடுகிற பெண் ஒருத்தி தன் வீட்டில் குடியிருப்பது அவருக்குத் தெரியாது. அவளைச் சந்திக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் சாலையைக் கடந்து போனால் அவள் உடனே "வந்துட்டேன்ப்பா" ஆகிவிடுவாள் என்பதும் தெரிந்திருந்தது. கடக்கவில்லை.

இரவு சாப்பாட்டின்போது, "சாயங்காலம் என்னம்மா அப்படி ஒரு சிரிப்பு?" என்று கேட்டார்.

"பாத்தீங்களா? அது ஒண்ணுமில்லப்பா. எங்க ஸ்டாட்ஸ் மிஸ் மாதிரி பேசிக் காட்டினேன்."

"சொல்லேன், கேப்போம்."

மஹிமா கொஞ்சம் யோசித்தாள். முயன்றும் பார்த்தாள். இரண்டு வாக்கியத்துக்குமேல் போகவில்லை. "தமிழ்ல சொன்னா சிரிப்பு வராதுப்பா" என்றாள் வருத்தமாக.

வேதாச்சலம் தலையை ஆட்டினார். புரசைவாக்கத்து நடத்துநரை வங்காளியில் மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆர்டர் மே மாதம் வந்தது.

புள்ளியியலில் இதற்கு ஒரு பெயர் இருக்கும். மத்திய அரசில் இதற்குப் பெயர் நடைமுறை. அலுவலகத்தில் அவருக்கு அடுத்த மேஜைக்காரர் நாகரத்தினம் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு கிடங்கு வரைக்கும் ஓடி வந்தார். திருவள்ளூர்க்காரர், மாற்றல் பட்டியலில் வேதாச்சலத்துக்கு அடுத்த பெயர் அவருடையது.

"சார், மெட்ராஸ். மெட்ராஸ் சார். பதினஞ்சு நாள்ல ஜாயின் பண்ணணும்."

வேதாச்சலம் வாங்கிப் படித்தார். அடியில் சின்ன எழுத்தில் இருந்ததையும் படித்தார். ஏற்க விருப்பமில்லையெனில் எழுதித் தரவும். அவ்வாறு தந்தவர் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு மாற்றல் கோர முடியாது.

வங்காளத்தில் மேல்நிலைத் தேர்வு இரண்டு வருஷப் படிப்புக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரே பரீட்சை. மஹிமா பாதிக் கிணறு தாண்டியிருந்தாள். சென்னையில் இருக்கும் மைத்துனர் மூலம் ஒரு பள்ளியில் விசாரித்தார். தலைமை ஆசிரியை தெளிவாகச் சொல்லிவிட்டாராம்: மறுபடி பதினொன்றிலிருந்து சேரலாம், கணிதமும் கம்ப்யூட்டரும் கிடைக்கும், புள்ளியியல் என்ற பேச்சே வேண்டாம்.

"நீங்க முன்னால போங்க. நாங்க அவ முடிச்சதும் வர்றோம்" என்றாள் சரோஜா.

"முடிச்சு? அந்த பி.டி. ரோட்டுல மூணு வருஷம், நாலு வருஷம்னு இருக்கு. அதுவரைக்கும் நான் திருவல்லிக்கேணி மேன்ஷன்ல பனியனைக் காயப்போட்டுக்கிட்டு இருக்கணுமா?"

"அப்ப எல்லாரும் போவோம். ஒரு வருஷம்தானே போகுது அவளுக்கு."

"உனக்குப் போகணுமா, சரோஜா?"

சரோஜா மடித்துக்கொண்டிருந்த புடவையைப் பெட்டியில் வைத்தாள். "எனக்கும் அக்கா தங்கச்சி எல்லாம் அங்கதானே இருக்காங்க. போகணும்னு இருக்காதா? நீங்கதான் வாய் விட்டுச் சொல்றீங்க, நான் சொல்லல. அவ்வளவுதான்."

மஹிமா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து, அவர் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது வந்து நின்றாள்.

"அப்பா, போயிடலாம்ப்பா. நான் லெவன்த் மறுபடி படிக்கறேன். கம்ப்யூட்டரே எடுத்துக்கறேன். ஒரு வருஷம்தானே. பரவாயில்லப்பா."

குரல் கலங்கவில்லை. ஒரு சொல்லும் இடறவில்லை. நன்றாக இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்த தமிழ். அவர் வாதத்துக்குத் தயாராக இருந்தார். அழுகைக்குக்கூடத் தயாராக இருந்தார். கௌசிக் அழுதபோது சமாளித்தவர்தானே. இதற்கு மட்டும் அவரிடம் விதி இல்லை.

"சரிம்மா" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

அன்று கிடர்பூர் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா ஒரு காகிதத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். விருப்பமில்லை என்று எழுதுவதற்கு வேதாச்சலம் இரண்டு வரிகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் என்று கேட்டிருந்த இடத்தில் மகள் படிப்பு என்று மட்டும் எழுதியிருந்தார்.

"வேதா பாபு, இத்தனை வருஷமா இதுக்குத்தானே கேட்டீங்க?" என்றார் குமாஸ்தா இந்தியில்.

"ஆமாம்" என்றார் வேதாச்சலம். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு மேஜைக்குப் போனார். அன்றைக்கு நிறைய மரப்பெட்டிகளை விடுவித்தார்.

வீட்டில் உண்மையைச் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. தியாகம் என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், பிறகு எந்தப் பிள்ளையும் நிம்மதியாகத் தேர்வில் தோற்கக்கூட முடியாது. ஆகவே மாலையில் காபி வரும்வரை காத்திருந்து, சாதாரணமாகச் சொன்னார்.

"அந்த ஆர்டர் கேன்சல் ஆயிடுச்சு. டெல்லியில என்னமோ குழப்பமாம். பேரு மாத்தி டைப் அடிச்சுட்டானாம்."

மஹிமா அவரையே பார்த்தாள். "கேன்சல் ஆயிடுச்சா?"

"ஆமா. கவர்ன்மெண்ட் ஆபீஸ்ல இதெல்லாம் சகஜம்."

"வந்த ஆர்டர் தானா கேன்சல் ஆகறதுக்கு என்ன சான்ஸ்ப்பா?"

"அதெல்லாம் எனக்கெப்படித் தெரியும்? நீதான் படிக்கறே."

அவ்வளவுதான். மஹிமா வெடித்தாள். தமிழில் தொடங்கினாள், அரை வாக்கியத்திலேயே தமிழ் தீர்ந்துபோயிற்று. "துமி கிச்சு போஜோ நா" என்றாள். உனக்கு ஒன்றும் புரியாது என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு வந்தது வெள்ளம். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். பொய் என்றாள், யாரைக் கேட்டு என்றாள், நான் கேட்டேனா என்றாள். அப்பாவை நீ என்று சொல்வது வங்காளியில் மரியாதைக் குறைவு இல்லை. ஆனாலும் அவள் சொன்ன விதத்தில் அந்த மொழியே கொஞ்சம் கூச்சப்பட்டிருக்கும். மாடியிலிருந்து காக்கிமா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். சரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

வேதாச்சலத்துக்குப் பாதிக்கு மேல் விளங்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவர் கற்றுக்கொள்ளாமல் சமாளித்த மொழி அது. இப்போது ஒரு சொல்லைக்கூட விடக்கூடாது என்பது போல முன்னால் சாய்ந்து கேட்டார். கரியாஹாட்டில் எதிர்ப்பக்கம் நின்று பார்த்த பெண் கடைசியில் சாலையைக் கடந்து வந்துவிட்டாள். அவளுக்கு அவர் மேல் இவ்வளவு கோபம் இருந்தது. ஒவ்வொன்றும் உள்ளே இறங்கியது.

ஓய்ந்ததும் மஹிமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "என்ட்ரன்ஸ் எழுதறேன்ப்பா, சொன்ன மாதிரி" என்றாள் தமிழில்.

"அது உன் இஷ்டம். பி.டி. ரோட்டுக்காரன் பரீட்சை எப்போன்னு பாரு முதல்ல."

காலியான இடம் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போயிற்று. ஜூன் மாதம், மழை தொடங்கியிருந்த ஒரு மதியம், நாகரத்தினம் குடும்பத்தோடு கோரமண்டலில் புறப்பட்டார். வழியனுப்ப லேக் மார்க்கெட்டே ஹவுராவுக்கு வந்திருந்தது. வேதாச்சலம் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். சரோஜா கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தார். மருதமுத்து அவரை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "முறுக்கு கொண்டாந்திருக்கேன், புள்ளைகளுக்கு" என்று நாகரத்தினத்திடம் சொல்லி முடித்தார்.

"சார், இது உங்க சீட்டு" என்றார் நாகரத்தினம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சீட்டு நம்பரைப் பாருங்கய்யா. உங்க பேருதான் போட்டிருக்கு" என்றார் வேதாச்சலம். "போய்ச் சேர்ந்ததும் வெயில் எப்படின்னு போன் பண்ணுங்க."

வண்டி நகர்ந்தபோது எல்லாரும் கூடவே நடந்தார்கள். வேதாச்சலமும் நடந்தார், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக தூரம். நடைமேடை முடிகிற இடத்தில், மழை தொடங்குகிற இடத்தில் நின்றார். கடைசிப் பெட்டி வளைந்து மறைந்த பிறகும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கலைந்து போனார்கள். பின்னால் சாமான் வண்டிக்காரன் ஒருவன் குரல் கொடுக்க, ஒதுங்கி வழிவிட்டார்.

பிறகு ஒரு டீக்கடையில் நின்று மண் குவளையில் டீ வாங்கினார். சூடாக இருந்தது. அவசரம் ஒன்றுமில்லை. ஊதி ஊதி, ஒவ்வொரு வாயாக, அடிவரைக்கும் குடித்தார்.